அந்தக் கீறலைப் போட்டது யார்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரத்தில் விமான மாதிரி செய்யும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டு வேலையில் குறை சொல்ல இடமில்லை. இறக்கையும் உடலும் சேருகிற இடத்தில் புட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கும் நேர்த்தி பெரியவர்களுக்கே வராது. ஆனால் ஒரு சங்கதி கண்ணை உறுத்துகிறது. மிக்-21 ஆகட்டும், ஹரிக்கேன் ஆகட்டும், தேஜஸ் ஆகட்டும், எல்லாம் ஒரே மாதிரி அடிபட்டுக் கிடக்கின்றன. ஓரத்துக்கு ஓரம் வெள்ளிப் பொட்டு. பேனல் கோட்டுக்குக் கோடு கருப்பு மை. வயிற்றுப் பக்கம் துருக்கறை. யாரோ ஒருவர் டாங்கி பொம்மைக்குச் செய்து காட்டிய வீடியோவை அப்படியே விமானத்தின் மேல் இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது.

ஒவ்வொரு கீறலுக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். ஆள் இல்லையென்றால் ஒரு வெயில், ஒரு காற்று, ஒரு எண்ணெய்ச் சொட்டு. யார் போட்டது என்று உங்களால் சொல்ல முடியாத கீறலைப் போடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

விமானத்துக்குப் போகும் முன்னால் உங்கள் தெருவில் நிற்கும் பழைய டிராக்டரிடம் போங்கள். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய சிவப்பு டிராக்டராக இருந்தால் உத்தமம். மட்கார்டின் மேல்பக்கம் சிவப்பாக இருக்காது, வெளுத்த ரோஸ் நிறத்தில் இருக்கும். விரலை வைத்துத் தேய்த்தால் பொடி ஒட்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் பெயிண்டில் உள்ள பசைப்பொருளைத் தின்றுவிட்டது. பிடிமானம் போன நிறம் பொடியாக மேலே நிற்கிறது. அதே மட்கார்டின் உள்பக்கம் குனிந்து பாருங்கள், கம்பெனியிலிருந்து வந்த சிவப்பு அப்படியே இருக்கும். இனி, ஓட்டுநர் ஏறும்போது கைவைக்கும் இடம். அங்கே பெயிண்ட் உதிர்ந்திருக்காது, வழவழவென்று தேய்ந்திருக்கும். சிவப்பு மெல்ல மெல்ல மங்கி, அடியில் பிரைமர் தெரிந்து, நடுவில் இரும்பு பளபளக்கும். ஓரம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. பின்னால் கலப்பை மாட்டுகிற இடத்துக்கு வாருங்கள். இரும்பும் இரும்பும் மோதுகிற இடம். பெயிண்ட் பொருக்குப் பொருக்காகத் தெறித்திருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும்.

வெளுப்பது, தேய்வது, தெறிப்பது. மூன்றும் மூன்று காரியம், மூன்றுக்கும் மூன்று காரணம். நீங்கள் மூன்றுக்கும் ஒரே ஸ்பாஞ்சை எடுத்து ஒத்தி வைக்கிறீர்கள்.

எந்த நிறம் முதலில் வெளுக்கும் என்று தெரிய வேண்டுமானால் அருப்புக்கோட்டையில் நூலுக்குச் சாயம் போடுகிற யாரிடமாவது கேளுங்கள். விமானப் பெயிண்ட் வேறு, நூல் சாயம் வேறுதான். ஆனால் வெயிலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு புத்தகத்தில் இருக்காது.

இப்போது ஒரு கணக்கு. உங்களில் பெரும்பாலோர் செய்வது 72-இல் ஒரு பங்கு அளவு. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ விமானத்தில் 7.2 சென்டிமீட்டர். நீங்கள் மிக்-21 இறக்கையின் முன்விளிம்பில் வைத்திருக்கும் வெள்ளிப் பொட்டு ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். அதாவது கையகலத்துக்கு மேல் பெயிண்ட் பெயர்ந்து, அப்படி முப்பது இடத்தில் ஓட்டை விழுந்த ஒரு போர் விமானத்தை ஒலியைவிட வேகமாக ஓட்டிப்போகச் சொல்கிறீர்கள். விமானப்படையில் எந்தத் தொழில்நுட்பப் பணியாளரும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். நம் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பணிக்கும் போயிருக்கிறார்கள். ஊருக்கு லீவில் வரும்போது உங்கள் மாதிரியைக் காட்டிப் பாருங்கள், முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். இந்த அளவில் பல்குத்தும் குச்சியின் முனையே அதிகம். ஊசி முனையும், நன்றாகச் சீவிய வெள்ளி நிறப் பென்சிலும் போதும். தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும்.

அடுத்தது, பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. இதைக் கேட்காமல் வெள்ளியைத் தொடவே கூடாது.

தேஜஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் நம் கோவை சூலூரில் இருந்து பறக்கத் தொடங்கிய விமானம். 2020 மே மாதம் அதே சூலூரில் 18-ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தேஜஸ் கொடுத்தார்கள். 1971-இல் ஸ்ரீநகரில் நாட் விமானத்தில் தனியாளாகப் போரிட்டு மடிந்து, பரம் வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோன் இருந்த அதே ஸ்குவாட்ரன். அந்தத் தேஜஸின் மேல்தோலில் பெரும்பகுதி கார்பன் இழைக் கலப்புப் பொருள். உலோகமே இல்லாத இடத்தில் வெள்ளி எங்கிருந்து வரும்? எந்த விமானத்திலும் மூக்கில் ரேடாரை மூடியிருக்கும் கூம்பும் அப்படித்தான். ரேடார் அலை வெளியே போக வேண்டும் என்பதால் அதை உலோகத்தில் செய்வதில்லை. நீங்கள் அனுப்பிய படங்களில் ஐந்தாறு மூக்குகளில் வெள்ளி மின்னுகிறது.

ஹரிக்கேனில் இது இன்னும் வேடிக்கை. விமானிக்குப் பின்னால் வால் வரை உடல் முழுக்கத் துணி. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, டோப் என்ற திரவத்தைப் பூசி விறைப்பாக்கியிருப்பார்கள். துணியில் அலுமினியம் தெரியாது. பல ஹரிக்கேன்களில் ரோட்டால் கம்பெனியின் மர புரொப்பெல்லர். அதன் முன்விளிம்பில் கல் பட்டால் தெரிவதும் அலுமினியம் ஆகாது.

துரு பற்றி ஒரே வரி: அலுமினியம் துருப்பிடித்துச் சிவக்காது, வெள்ளையாகப் பூக்கும். வயிற்றில் பூசிய ஆரஞ்சு நிறத்தை எல்லாம் டர்பன்டைன் போட்டுத் துடைத்துவிடுங்கள்.

அப்படியானால் வெள்ளி தெரியத் தெரியப் பெயிண்ட் உரிந்த இந்திய விமானம் எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதையும் விட்டுவிட்டு வேறு எதையோ செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம். மிக்-21 நம் விமானப்படைக்கு வந்தது 1963-இல். அறுபத்திரண்டு வருடம் பறந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதன் ஆரம்ப காலத்து எஃப்எல் வகை விமானங்கள் பெயிண்ட் இல்லாமல், வெறும் உலோகப் பளபளப்பில் பறந்தவை. 1971 போர் நெருங்கியதும் ஓடுதளத்தில் நிற்கும் வெள்ளி விமானம் மேலிருந்து பார்ப்பவனுக்குக் கண்ணாடி போல் மின்னுமே என்று, பலவற்றுக்கு அவசர அவசரமாகப் பச்சையும் பழுப்பும் பூசினார்கள். ஒரு விமானத்தின் கோலம் இன்னொன்றுக்கு ஒத்துப்போகாது. தொழிற்சாலையில் பிரைமர் போட்டு, காயவைத்து, அடுக்கடுக்காகப் பூசுகிற வேலை வேறு. வழுவழு உலோகத்தின் மேல் போர் அவசரத்தில் பூசிய பெயிண்ட் வேறு. அது பிடித்து நிற்காது. காற்று அறைகிற முன்விளிம்பிலும், தரைப்பணியாளர் ஏறி மிதிக்கிற, இறக்கை உடலோடு சேரும் மேல்பக்கத்திலும், அடிக்கடி திறந்து மூடுகிற மூடிகளின் திருகைச் சுற்றியும் அது முதலில் போகும்.

இந்த விமானத்துக்குத்தான் ஹேர் ஸ்ப்ரே வேலை பொருந்தும். முதலில் மாதிரி முழுக்க வெள்ளி. அது நன்றாகக் காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட். அதன் மேல் ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கிற சாதாரண ஹேர் ஸ்ப்ரே, மெல்லியதாக இரண்டு முறை. பிறகு அக்ரிலிக் பச்சை. பெயிண்ட் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷை நனைத்து, உரிய வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லத் தட்டுங்கள். அடியில் இருக்கிற ஹேர் ஸ்ப்ரே கரைய, பெயிண்ட் தானாகக் கிழிந்து வரும். நாம் வரைகிற பொட்டு எல்லாம் ஒன்று போல இருக்கும். இது அப்படி இருக்காது. வெளிநாட்டுக்காரர் ஒரு மணி நேரம் பொறு என்பார். சித்திரை மாதத்து அருப்புக்கோட்டையில் ஒரு மணி நேரம் பொறுத்தால் அக்ரிலிக் கல்லாகிவிடும், பிறகு தண்ணீர் விட்டு எதுவும் ஆகாது. கால் மணிக்கு ஒரு முறை ஓரத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இரண்டாம் உலகப் போர் விமானங்களைச் செய்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. நம் பக்கத்தில் கயத்தாறில் அந்தக் காலத்து ஓடுதளம் கிடக்கிறது. செட்டிநாட்டில் ஒன்று. மதுரை விமான நிலையமே 1942-இல் பிரிட்டிஷ் விமானப்படை தொடங்கிவைத்த தளம்தான். ஆகவே ஹரிக்கேனும் ஸ்பிட்ஃபயரும் இங்கிலாந்துப் புல்வெளியின் சொத்து என்று நினைத்துக்கொண்டு பச்சைச் சேறு பூச வேண்டாம்.

இந்தப் பக்கத்து விமானங்களில் ஒரு விசேஷம், வட்ட முத்திரை. பிரிட்டிஷ் முத்திரையின் நடுவே சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பான் விமானத்தில் சிவப்பு வட்டம் மட்டுமே முத்திரை. அவசரத்தில் பார்க்கிறவன் தன் ஆளையே சுட்டுவிடுவான் என்று, இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலமும் வெளிர்நீலமுமாக முத்திரையை மாற்றினார்கள். அதாவது பழைய முத்திரைக்கு மேல் புதுப் பெயிண்ட். 1944-இல் அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலில் இருந்து பறந்த இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் ஹரிக்கேனைச் செய்தால், மற்ற பெயிண்ட் எல்லாம் வெளுத்திருக்க, முத்திரையைச் சுற்றி மட்டும் ஒரு சதுரமோ வட்டமோ கொஞ்சம் கருத்த பச்சையாக இருப்பதுபோலச் செய்து பாருங்கள். இதைப் போட்டது யார் என்று கேட்டால் பதில் இருக்கிறது: பிரஷும் டப்பாவுமாக வந்த ஒரு பணியாளர், மேலிடத்து உத்தரவு, கையில் இருந்த புது டப்பாவின் நிறம். நூறு வெள்ளிப் பொட்டு சொல்லாத கதையை அந்த ஒரு திட்டு சொல்லும்.

ஹரிக்கேன் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கி நிற்கும். பறக்கும்போது எண்ணெய்க் கசிவு காற்றின் போக்கில் நேராகப் பின்னால் ஓடும். நிற்கும்போது மழைநீரும் தூசியும் பூமியைப் பார்த்து இறங்கும். விமானமே சாய்ந்து நிற்பதால் அந்தத் தாரை பேனல் கோட்டுக்குச் சாய்வாக, வால் பக்கம் சரிந்து விழும். ஒரே உடலில் இரண்டு திசைத் தாரை. இதைச் சரியாகப் போட்ட மாதிரியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். யாராவது செய்தால் எனக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

அதே காலத்து மஸ்கிட்டோ விமானம் முழுக்க மரம். 1944-இல் இந்தியாவின் வெக்கையிலும் ஈரத்திலும் அதன் பசை விட்டுப்போய்ப் பெரிய தலைவலியானது. பிறகு வெயிலைத் திருப்பி அனுப்ப அதற்கு வெள்ளி நிறம் பூசினார்கள். வெள்ளி மேலே, மரம் கீழே! பழக்கதோஷத்தில் கையில் வெள்ளிப் பென்சிலை எடுத்தீர்களானால் அங்கே வேலைக்கு ஆகாது.

கடல் விமானம் பிடிக்கும் என்று எழுதிய தங்கைக்கு: கேட்டலினா என்ற பறக்கும் படகு சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியில் இறங்கி ஏறியிருக்கிறது, பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன். அதற்கு மூக்கும் முன்விளிம்பும் இரண்டாம்பட்சம். தண்ணீர் மட்டம் தொடுகிற கோட்டைப் பாருங்கள், அங்கேதான் எல்லாம் நடக்கும்.

இன்றைய கடற்படை விமானங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குப் பக்கம் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானத்தளம் 2009 முதல் இருக்கிறது. கடலுக்கு மேல் பறந்துவரும் விமானத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது கடற்படைகளின் வழக்கம், உப்பு அரித்துவிடும் என்று. அரிப்பு தொடங்கிய இடத்தைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் வைப்பார்கள். அதனால் கடற்படை விமானம் அழுக்காக இருப்பதைவிட ஒட்டுப்போட்டதாக இருக்கும். ஒரு சாம்பலுக்குள் நான்கைந்து சாம்பல். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், கை நீட்டும் தூரத்தில் மறைந்துவிட வேண்டும். அடிப்படை நிறத்தில் ஒரு துளி வெள்ளை, ஒரு துளி நீலம் என்று கலந்து சின்னச் சின்னச் சதுரங்களாக மாஸ்க் போட்டு அடியுங்கள்.

எதைப் பார்த்துச் செய்வது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறீர்கள். ஊர் ஊராகச் சாலைச் சந்திப்பிலும் கல்லூரி வாசலிலும் பழைய விமானத்தைத் தூண் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் போட்டோ எடுத்துவந்து அப்படியே நிறம் போடுகிறீர்கள். அது பறந்த காலத்துப் பெயிண்ட் ஆகாது. கடையில் வாங்கிய இனாமலைப் பிரஷால் பூசியிருப்பார்கள், முத்திரைகூட அளவு மாறியிருக்கும். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்து பறந்த டியூ-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வுபெற்றன. அவற்றில் ஒன்று அதே வருடக் கடைசியில் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமானது. அதைப் போய்ப் பாருங்கள், அளவையும் அமைப்பையும் கற்றுக்கொள்ளுங்கள். நிறத்தையும் தேய்மானத்தையும் மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். அது கடற்காற்றில் சும்மா நிற்கிற விமானத்தின் தேய்மானம். எந்த மிதியும் அதன் மேல் இப்போது விழுவதில்லை. அதற்காக நிற்கிற விமானம் மட்டம் என்று சொல்லவில்லை. ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், சென்னை எம்ஐடி வளாகத்தில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் விமானப் பொறியியல் பக்கம் சாய்ந்ததாக எழுதியிருக்கிறார். ஆசை வர அது போதும். பெயிண்ட் வேலைக்கு, ஒரே விமானம், ஒரே வால் எண், ஒரே வருடம் என்று பறந்த காலத்துப் புகைப்படம் ஒன்று வேண்டும்.

சாமான்கள் பற்றி. வெளிநாட்டுப் புழுதிப் பொடி டப்பாக்களுக்கு நீங்கள் கொடுக்கிற காசைக் கேட்டால் வயிறு எரிகிறது. பீரங்கி வாய்ப் புகைக்கு, திருச்சுழிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரியில் ஒரு துண்டு போதும். அம்மியில் அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, மென்பிரஷில் தொட்டுத் தேய்த்தால் ஹரிக்கேனின் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிக்குப் பின்னால் புகை படிந்துவிடும். சக்கரத்துப் புழுதிக்குக் கரிசலும் செவலும் காலடியில் கிடக்கிறது. இரண்டு முறை சலியுங்கள். 72-இல் ஒரு பங்கு அளவில் ஒரு மணல் பருக்கை கூழாங்கல்லாகத் தெரியும். ஆனால் தஞ்சாவூரில் நிற்கிற சுகோய்க்கு அதைப் பூசாதீர்கள், அது கான்கிரீட்டை விட்டு இறங்குவதில்லை. பேனல் கோட்டுக்குக் கருப்பு வேண்டவே வேண்டாம். கேம்லின் ஆயில் கலர் பர்ன்ட் அம்பரில் கொஞ்சம் சாம்பல் கலந்து, டர்பன்டைன் விட்டுத் தண்ணீராக்கி, அடிக்கடி திறக்கிற மூடிகளுக்கு மட்டும் ஓடவிடுங்கள். இதற்கு முன் வார்னிஷ் கோட் கொடுத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

வெயில் வெளுப்புக்கு உப்பு. மாதிரியைத் தண்ணீரால் ஈரமாக்கி, பொடித்த கல்லுப்பைத் திட்டுத் திட்டாகத் தூவி, காய்ந்ததும் அடிப்படை நிறத்தில் வெள்ளை கலந்து மேலாக ஸ்ப்ரே செய்யுங்கள். பிறகு உப்பைத் தட்டிவிட்டால் வெளுத்ததும் வெளுக்காததுமாக மேகம் போலத் தெரியும். மேல்பக்கத்தில் மட்டும் செய்யுங்கள். வயிற்றை வெயில் தொடாது. உப்பைச் சுத்தமாகக் கழுவாமல் வார்னிஷ் அடித்தால் கொஞ்ச நாளில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வரும்.

ஏர்பிரஷ் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெக்கையில் பெயிண்ட் மாதிரியைத் தொடும் முன்பே காற்றில் உலர்ந்து, உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக உட்காரும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு விட்டால் கொஞ்சம் தாங்கும். ஆடிக் காற்று அடிக்கிற மாதத்தில் ஸ்ப்ரே வேலையே வேண்டாம். நீங்கள் போடாத புழுதி எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்கு எந்த அளவுக் கணக்கும் கிடையாது. அந்த மாதத்தில் ஒட்டுகிற வேலையைப் பாருங்கள்.

நல்ல மாதிரியை வெறும் சுத்தமாகவே விட்டுவிடுவதும் ஒரு தேர்வுதான். படையில் விமானத்தைத் துடைத்து, திருகி, சரிபார்த்து அனுப்புகிறவர்களின் உழைப்பு, அது சுத்தமாக நிற்பதில்தான் தெரியும். அதைக் குப்பை வண்டி மாதிரி ஆக்கிவிட்டு இதுதான் நிஜம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், பேசலாம்.

அடுத்த முறை கூடும்போது மாதிரியோடு, எந்தப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தீர்களோ அதையும் கொண்டுவாருங்கள். வால் எண்ணையும் வருடத்தையும் ஒரு சீட்டில் எழுதி அடிப்பலகையில் ஒட்டிவையுங்கள். நான் குச்சியை நீட்டி ஒவ்வொரு கீறலாகக் காட்டி, இது யார் போட்டது என்று கேட்பேன். பதில் இல்லாத கீறலுக்கு அங்கேயே டச்-அப் செய்ய ஆளுக்கொரு சின்ன டப்பா பச்சையும் சாம்பலும் எடுத்துவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்